‘பணம் கோவிந்தா’ ஆனது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

பேச்சுக்குப் பேச்சு நம் வாயில் வந்து விழும் சாமிப் பெயர்கள், ஆணைகள், அங்கலாய்ப்புகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

சீட்டுக் கட்டிய பணம் போய்விட்டால் ‘கோவிந்தா’ என்கிறோம். பெருமாள் பெயருக்குத் ‘தொலைந்தது’ என்ற அர்த்தம் எப்படி வந்தது? கும்பிடுகிற பெயரை அப்படிச் சொல்வது தப்பில்லையா?
– வாசகி, கும்பகோணம்

அகராதியைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்காது. கோவிந்தன் என்றால் ஆநிரையைக் காப்பவன், பசுக்களை அடைந்தவன். அதில் தொலைந்து போக எதுவும் இல்லை. இந்த மாதிரிச் சொற்களுக்கு ‘என்ன பொருள்’ என்று கேட்பதைவிட, ‘எந்த இடத்தில், எந்த நேரத்தில் கூவினார்கள்’ என்று கேட்டால்தான் வழி திறக்கும்.

கோவிந்தா என்று கூட்டமாகக் குரல் எழும்பும் இடங்கள் பல. திருமலைப் படியில் ஏறும்போது, புரட்டாசிச் சனிக்கிழமையில் செம்புக்குத் திருமண் இட்டு, கழுத்தில் துளசி சுற்றி, வீடு வீடாக அரிசி வாங்க வரும்போது, பஜனை முடியும்போது. ‘சர்வத்ர கோவிந்த நாம சங்கீர்த்தனம்’ என்று பாகவதர் எடுத்துக் கொடுத்தால், ‘கோவிந்தா! கோவிந்தா!’ என்று சொல்லிவிட்டுக் கூட்டம் எழுந்துகொள்ளும். அதோடு அன்றைய நிகழ்ச்சி முடிந்தது. இன்னொரு இடம் சவ ஊர்வலம். பாடையைத் தோளுக்கு ஏற்றியதும் பின்னால் வருகிறவர்கள் ‘கோவிந்தா, கோவிந்தா’ என்றுதான் நடப்பார்கள். போனவர் திரும்புவதில்லை. ‘பணம் கோவிந்தா’ என்பதில் ஒலிப்பது இந்த ஊர்வலக் குரல்தான் என்பது எங்கள் தீர்மானம். திருப்பதி உண்டியலில் போட்ட காசு திரும்பாது, அதனால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் ‘ஆளே கோவிந்தா’ என்று உயிர் போனதற்கும் சொல்கிறோம். உண்டியல் கதை அங்கே பொருந்தாது, பாடை பொருந்துகிறது.

கோவிந்தாவுக்குக் கூடப்பிறந்தவையும் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

‘வசூலான காசையெல்லாம் ஸ்வாஹா பண்ணிட்டான்’ என்கிறோமே, அது ஹோம குண்டத்திலிருந்து வந்தது. மந்திரம் ஒவ்வொன்றும் ‘ஸ்வாஹா’ என்று முடியும்போது நெய்யை விடுவார்கள். குப்பென்று ஜ்வாலை எழுந்து அதை விழுங்கும். உடனே எஜமானர் ‘ந மம’ என்பார். ‘என்னுடையது அல்ல’ என்று அர்த்தம். நெருப்பின் வாய்க்குள் போனதைத் திருப்பிக் கேட்க முடியாது. அதனால்தான் ஸ்வாஹா என்ற சொல்லில் எப்போதும் தின்றவன் ஒருவன் இருப்பான். மழையில் நனைந்து வீணான நெல்லை ‘கோவிந்தா’ என்பார்கள், ‘ஸ்வாஹா’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

‘கிருஷ்ணார்ப்பணம்னு விட்டுட்டேன்’ என்பது பூஜை முடியும் இடம். செய்த கர்மத்தின் பலனை ‘ஸ்ரீ கிருஷ்ணார்ப்பணமஸ்து’ என்று சொல்லி, வலது உள்ளங்கையில் உத்தரணித் தண்ணீரை வாங்கிக் கீழே விடுவார்கள். கொடுத்த கடன் வராது என்று தெரிந்து, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கணக்கிலிருந்து கழித்துவிடுபவர் சொல்லும் சொல் இது. ஏமாந்தவர் ‘கோவிந்தா’ என்பார், விட்டுக்கொடுத்தவர் ‘கிருஷ்ணார்ப்பணம்’ என்பார்.

‘நம்ம தண்ணியை அவனுக்குத் தாரை வார்த்துட்டாங்க’ என்பதிலும் தண்ணீர்தான். தானம் கொடுக்கும்போது நீர் வார்த்துக் கொடுப்பது பழைய சட்ட வழக்கம். கல்வெட்டுகளில் ‘நீரோடு அட்டிக் கொடுத்தேன்’ என்று வரும். கல்யாணத்தில் கன்னிகாதானத்தின்போது இன்றைக்கும் தாரை வார்க்கிறார்கள். கீழே ஓடிய நீரை அள்ள முடியாது, கொடுத்ததும் திரும்பாது.

தப்பா என்று கேட்டீர்கள். ஆண்டாள் திருப்பாவையில் 27, 28, 29 என்று அடுத்தடுத்து மூன்று பாட்டில் ‘கோவிந்தா’ என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ‘சிறுபேர் அழைத்தனவும் சீறி அருளாதே’ என்று அவளே மன்னிப்பும் கேட்டுவிடுகிறாள். பேர் சொன்னதற்காகப் பெருமாள் கோபிக்கப் போவதில்லை. ஆனால் துக்க வீட்டில், போனவரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைத் தவிருங்கள். அங்கே அது நேர்ப்பொருளில் விழும்.

‘ஐயோ’ என்பது எமன் பொண்டாட்டியின் பெயர், அதைச் சொன்னால் எமன் வந்துவிடுவான் என்று என் மாமியார் பிள்ளைகளைத் திட்டுகிறார். உண்மையா?
– வாசகி, திண்டுக்கல்

இல்லை. மகாபாரதம் எமனின் மனைவிக்குத் தூமோர்ணா என்று பெயர் சொல்கிறது.

‘ஐயோ’ தமிழின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. ‘ஐ’ என்ற வேருக்குத் தலைவன், தந்தை என்ற பொருள் உண்டு. ஐயன், ஐயா, ஐயை எல்லாம் அதிலிருந்து வந்தவை. ‘ஐ வியப்பு ஆகும்’ என்று தொல்காப்பியமும் சொல்கிறது. அடிபட்டால் ‘அம்மா’ என்கிறோம், பயந்தால் ‘ஆத்தாடி’ என்கிறோம், பாரம் இறங்கினால் ‘அப்பாடா’ என்கிறோம். அதே போலத்தான் ஐயனை விளித்து ‘ஐயோ’. ஆபத்தில் மூத்தவரைக் கூப்பிடும் குரல் அது. அந்த மூத்தவர் தகப்பனா தெய்வமா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பழைய வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

புறநானூறு 255-ஆம் பாட்டைப் பாருங்கள். வன்பரணர் பாடியது. விழுந்து கிடக்கும் கணவனைக் கண்டுபிடித்துவிட்டாள் ஒருத்தி. ‘ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே’ என்கிறாள். வாய்விட்டு ஐயோ என்று கத்தினால் புலி வந்துவிடுமே என்று பயம், அணைத்துத் தூக்கலாம் என்றால் மார்பு அகலமானது, தூக்க முடியவில்லை. அந்தக் காலத்திலும் ஐயோ என்றால் ஊருக்குக் கேட்கும் குரல் என்பது இதிலிருந்து தெரிகிறது. அவள் பயந்ததும் புலிக்குத்தான், எமனுக்கு அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐயோ துக்கத்துக்கு மட்டும் உரிய சொல் இல்லை. திருப்பாணாழ்வார் அரங்கனைப் பார்த்து ‘நீல மேனி ஐயோ நிறை கொண்டது என் நெஞ்சினையே’ என்று உருகுகிறார். கம்பர் இராமனின் நிறத்தைச் சொல்ல மை, மரகதம், கடல், மேகம் என்று தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஒத்துவராமல் ‘ஐயோ இவன் வடிவென்பது ஓர் அழியா அழகுடையான்’ என்று முடிக்கிறார். அபசகுனச் சொல்லாக இருந்தால் ஆழ்வார் வாயில் வந்திருக்காது.

பிறகு ஏன் பெரியவர்கள் கடிந்தார்கள்? ஐயோ என்ற குரல் கேட்டால் அக்கம்பக்கத்தார் எழவு விழுந்ததோ என்று ஓடிவருவார்கள். அதனால் சும்மா சும்மா சொல்லாதே என்றார்கள். காரணம் கேட்கும் பிள்ளையை அடக்க எமன் பொண்டாட்டி வந்து சேர்ந்தாள். இப்படிச் சொல்வரலாறு ஒன்று கைக்கு வந்தால் மூன்று சோதனை வையுங்கள். பழைய நூலில் அந்தச் சொல் எப்படி வருகிறது? பக்கத்து மொழிகளில் என்னவாக இருக்கிறது? ஒலி மாறிய விதம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா? எமன் கதை முதல் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. தெலுங்கிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் சிங்களத்திலும்கூட அதே குரல்தான். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் அது ஏறிவிட்டது. சிங்கப்பூர், மலேசியாவில் சீனர்கள் சொல்லும் ‘ஐயோ’வில் மட்டும் கவனம் வேண்டும். சீனத்திலும் அதே போல ஒலிக்கும் சொல் தனியாக உண்டு.

‘ஐயோ பாவம்’ என்கிறோம். கஷ்டப்படுகிறவன் பாவம் செய்தவன் என்று சொல்வதாகாதா?
– வாசகர், ஈரோடு

சொல் பிறந்த இடத்தில் நீங்கள் சொன்ன பொருள்தான். வடமொழி ‘பாப’ தமிழில் ‘பாவம்’ ஆயிற்று. இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே வரும் ப, வ ஆவது வழக்கமான மாற்றம். தபஸ் தவமானது, ரூபம் உருவமானது அப்படித்தான். முன்வினைப் பாவம் இவனை வாட்டுகிறது என்று இரங்கிச் சொன்னது, வினை மறைந்து இரக்கம் மட்டும் நின்றுவிட்டது. இன்று ‘குழந்தை பாவம்’ என்று சொல்லும் தாயின் மனத்தில் பாவ புண்ணியக் கணக்கு எதுவும் இல்லை.

மலையாளத்தில் இந்தப் பிரிவு வெட்டவெளிச்சம். தீவினைக்கு ‘பாபம்’, ஏழை எளியவர், சாது என்பதற்குப் ‘பாவம்’ என்று இரண்டு சொல்லாகவே வைத்துக்கொண்டார்கள். தெலுங்கில் ‘அய்யோ பாபம்’, கன்னடத்தில் ‘பாப’ என்று ஒரே வடிவம் இரண்டு வேலையும் பார்க்கிறது. பரதநாட்டியக்காரர்கள் சொல்லும் ‘பாவம்’ மட்டும் வேறு வேரிலிருந்து வந்தது. அது வடமொழியில் ‘பாவ’ என்று அதிர்ந்து ஒலிக்கும் சொல். தமிழ் எழுத்தில் ஒன்றுபோல் தெரிவதால் குழப்பம்.

‘அடப்பாவி’ வள்ளுவர் காலத்துச் சரக்கு. பொறாமையை ‘அழுக்காறு என ஒரு பாவி’ என்றும் (168), வறுமையை ‘இன்மை என ஒரு பாவி’ என்றும் (1042) ஓர் ஆளைத் திட்டுவது போலவே திட்டுகிறார். இதோடு சேர்த்து, கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. ‘அடச் சண்டாளா’ என்பதை ‘அடப்பாவி’யின் இன்னொரு வடிவமாக நினைத்துப் பலர் சொல்கிறார்கள். அது பாவத்தைக் குறிக்கும் சொல் இல்லை. தர்ம சாஸ்திரங்கள் ஊருக்கு வெளியே தள்ளி வைத்த மக்களின் பெயர். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் அட்டவணையிலும் அந்தப் பெயர் இருக்கிறது. கோபம் வந்தால் திட்ட வேறு சொல் ஆயிரம் இருக்கிறது. இதை விட்டுவிடுங்கள்.

இடி இடித்தால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லச் சொல்கிறார்கள். வாயைத் திறந்து சொன்னால் காது ஜவ்வு கிழியாது என்ற அறிவியல் காரணம் சரிதானா?
– பள்ளி மாணவர், தர்மபுரி

முதலில் அர்ச்சுனன் ஏன் என்று பார்ப்போம். இடியும் மழையும் இந்திரன் கையில். அவன் ஆயுதம் வச்சிராயுதம். அர்ச்சுனன் இந்திரனுக்குப் பிள்ளை. காண்டவ வனம் எரிந்தபோது அதை அணைக்க இந்திரன் மழையைக் கொட்ட, அர்ச்சுனன் அம்புகளாலேயே கூரை வேய்ந்து அந்த மழையைத் தடுத்தான். இடியின் அதிபதியை அவன் பிள்ளை என்ற முறையில் பணிய வைக்கலாம், வில்லாளி என்ற முறையில் தடுக்கலாம். இரண்டு வகையிலும் பொருத்தமான பெயர் அதுதான். விராட பருவத்தில் உத்தரனிடம் அர்ச்சுனன் தன் பத்துப் பெயர்களைச் சொல்கிறானே, இடி நேரத்தில் அந்தப் பத்தையும் வரிசையாகச் சொல்லும் வழக்கம் ஆந்திரத்தில் உண்டு. பாரதக் கூத்து ஊரூராக நடந்த உங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் வாயில் நின்றது இயல்பே.

காது ஜவ்வுக் காரணம் பிற்பாடு ஒட்டவைத்தது. மின்னல் முதலில் தெரியும், இடி பிறகு கேட்கும். இடி காதில் விழுந்த நொடியில் அந்த மின்னலின் ஆபத்து கடந்துவிட்டது. அதற்குப் பிறகு வாயைத் திறப்பதால் காதுக்கு ஆவது ஒன்றும் இல்லை.

உயிர் காக்கும் கணக்கு வேறு. ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகும். மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று வினாடி எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, வந்த எண்ணை 3-ஆல் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரியும். 30-க்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வயல், குளக்கரை, மொட்டை மாடி, தனி மரத்தடி எதிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது. வேகமாகவும் மெதுவாகவும் எண்ணுவதால்தான் கணக்குத் தப்புகிறது. ‘அர்ச்சுனா’ என்று நிதானமாக ஒரு தடவை சொல்ல ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அதையே அளவாக வைத்து எண்ணிக்கொள்ளலாமே.

‘நான் சிவனேன்னு இருந்தேன்’, ‘தேமேன்னு கிடந்தான்’. இரண்டும் ஒன்றா?
– வாசகர், நாகர்கோவில்

பக்கத்துப் பக்கத்து வீடு. ‘சிவனே என்று’ இருப்பவன் யார் வம்புக்கும் போகாதவன். அவனைத்தான் யாராவது வம்புக்கு இழுப்பார்கள், அதனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு புகார் வரும். ‘தேமே’ என்பது ‘தெய்வமே’ தேய்ந்த வடிவம் என்று விளக்குவார்கள். அது சற்றே அசட்டுத்தனத்தையும் சேர்த்துச் சொல்லும். ‘கிருஷ்ணா ராமான்னு இரு’ என்பது மூன்றாவது வகை, வயசானவருக்கு மட்டும். முப்பது வயசுக்காரரிடம் சொன்னால் சண்டை வரும்.

‘சிவ சிவா’ வேறு. தகாததைக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சொல்வது. ‘சிவசிவ என்றிடத் தீவினை மாளும்’ என்ற திருமந்திரம்தான் அதற்கு அடிப்படை. கேட்டதால் ஒட்டிய தீவினையைக் கழுவ உடனே அந்தப் பெயர்.

‘அரோகரா’வா, ‘அரஹரா’வா? எது சரி? இலங்கையில் சிங்களவர்களும் இதைச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன்.
– வாசகர், பழனி

இரண்டும் சரி. ஹர, ஹர என்று சிவனை இரட்டித்து விளித்தது அரகரா, அரோகரா ஆனது. தமிழில் சொல்லின் முதலில் ஹ நிற்காது, அதனால் அது விழுந்துவிட்டது. நடுவில் வந்த ஹ ககரமாயிற்று. கூட்டமாகக் கூவும்போது நீட்ட ஓர் ஓகாரமும் தேவைப்பட்டது. தகப்பன் பெயரைச் சொல்லி மகனைக் கும்பிடுகிறோம். ‘கந்தனுக்கு’ என்று ஒருவர் எடுக்க, காவடிக் கூட்டம் ‘அரோகரா’ என்கிறது.

இலங்கை விஷயமும் உண்மைதான். கதிர்காமத்தில் காவடி எடுக்கும் சிங்கள பௌத்தர்கள் ‘ஹரோ ஹரா’ என்கிறார்கள். ஹகரம் அவர்களிடம் அப்படியே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் தேர் நகரும்போது எழுவதும் அரோகராதான். நம் சவ ஊர்வலத்தில் கோவிந்தா என்று முதல் பதிலில் பார்த்தோம், ஆனால் அங்கே சைவ மரணச் சடங்கில் பாடுவது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம். உரலில் சுண்ணம் இடித்தபடி பாடுவார்கள்.

எங்கள் பாட்டி பயந்தால் ‘சேசு மரி சூசையே’ என்பார். நாங்கள் இயேசு என்கிறோம், அவர் ஏன் சேசு என்றார்?
– வாசகி, தூத்துக்குடி

உங்கள் பாட்டி போர்ச்சுக்கீசிய வாய் வழியாக வந்த பெயர்களைச் சொல்கிறார். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவினார்கள், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவர்கள் கற்ற ஜெபங்கள் போர்ச்சுக்கீசியப் பாதிரிமார் கொண்டுவந்தவை. ஜெசு, மரியா, ஜோசே. சொல்லின் முதலில் ஜகரத்தைச் சகரமாக்குவது நம் வழக்கம் என்பதால் ஜெசு சேசு ஆனார், ஜோசே சூசை ஆனார். திருக்குடும்பத்தின் மூவரையும் ஒரே மூச்சில் கூப்பிடும் ஜெபம் அது. மரணப் படுக்கையில் இருப்பவர் காதிலும் அதைத்தான் சொல்வார்கள். சீர்திருத்தச் சபையார் கிரேக்க, எபிரேய மூலத்தை வைத்து மொழிபெயர்த்தார்கள். அதனால் அவர்களுக்கு இயேசு, யோசேப்பு. இன்று கத்தோலிக்க வழிபாட்டிலும் இயேசு வந்துவிட்டார். சூசையப்பர் மட்டும் ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் பிடிவாதமாக இருக்கிறார்.

கடவுளைக் கூப்பிடும் சொல்லை வைத்தே சபையைச் சொல்லிவிடலாம் என்ற காலம் இருந்தது. ‘சர்வேசுரா’ என்றால் கத்தோலிக்கர். 1606-இல் மதுரைக்கு வந்த, தத்துவ போதகர் என்ற இயேசு சபைப் பாதிரியார் நொபிலி பயன்படுத்திய சொல் அது. ‘பராபரனே’ என்றால் தரங்கம்பாடி லுத்தரன் வழி, பப்ரிசியஸ் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் கடவுளுக்கு அதுவே பெயர். ‘தேவனே’ என்றால் 1871-ஆம் ஆண்டு வேதாகமம் படித்தவர்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கடவுள், ஆண்டவர் என்று வைத்தது.

ஓசன்னா என்பதை வாழ்த்து என்று நினைத்துப் பாடுகிறோம். எபிரேயத்தில் அது ‘காப்பாற்றும், தயவுசெய்து’ என்ற கூக்குரல். குருத்தோலை ஞாயிறு ஆரவாரத்தில் வாழ்த்தாக மாறியது. அல்லேலூயா உண்மையிலேயே வாழ்த்து. ‘யாவைப் புகழுங்கள்’ என்று பொருள். யா என்பது எபிரேயத்தில் கடவுள் பெயரின் சுருக்கம். தவக்காலத் திருப்பலியில் கத்தோலிக்கர் அதைச் சொல்லாமல் வைத்திருந்து, பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழா இரவில்தான் மறுபடி எடுப்பார்கள்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தோடு நெருக்கமாக இருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று எதை எங்கே சொல்வது என்று தெரியாமல் நான் மாற்றிச் சொல்லிவிடுகிறேன். யா அல்லாஹ்வில் ‘யா’ என்றால் என்ன?
– வாசகி, மேலப்பாளையம்

காலத்தை வைத்துப் பிரித்துக்கொண்டால் மாறாது.

இனி நடக்க வேண்டியதற்கு இன்ஷா அல்லாஹ். இன் என்பது ‘நாடினால்’ என்பதில் வரும் ‘ஆல்’ போன்ற நிபந்தனை, ஷாஅ என்றால் நாடினான். ‘அல்லாஹ் நாடினால்.’ நாளைக்குச் செய்வேன் என்று எதையும் இந்த நிபந்தனை இல்லாமல் சொல்லாதே என்று குர்ஆன் 18-ஆம் அத்தியாயம் 23, 24 வசனங்களில் வருகிறது. நேற்று நடந்த கல்யாணத்துக்கு இதைச் சொன்னால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கண்ணுக்கு முன்னால் இருக்கும் நல்லதற்கு மாஷா அல்லாஹ், ‘அல்லாஹ் நாடியது’. பிறந்த குழந்தை, புது வீடு, பரீட்சை மதிப்பெண் பார்த்துச் சொல்வது. நாம் ‘கண்ணு படப் போகுது’ என்று சொல்லும் இடத்தில் இது வரும். குழந்தையை அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் மாஷா அல்லாஹ் சேர்த்தால் பாட்டிமார்கள் நிம்மதி அடைவார்கள்.

கிடைத்துவிட்டதற்கு, முடிந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ், ‘புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே’. ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் இதுவே பதிலாக வரும். தொடங்குவதற்கு பிஸ்மில்லாஹ். தவறு நேர்ந்தால் அஸ்தஃபிருல்லாஹ், ‘அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன்’.

மரணச் செய்தி கேட்டால் ‘இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்’ என்பார்கள். ‘நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள்.’ குர்ஆன் 2:156. மரணத்துக்கு மட்டும் உரியது என்று பலரும் நினைப்பது சரியல்ல. எந்தத் துன்பம் வந்தாலும் சொல்லும் சொல்லாகத்தான் வசனத்தில் இருக்கிறது. உங்களுக்கு அது வாயில் வராவிட்டால் அரைகுறையாகச் சொல்ல வேண்டாம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

‘யா’ என்பது அரபியில் விளி. நம் ‘ஏ’, ‘ஓ’ மாதிரி. அது பெயருக்கு முன்னால் வரும், தமிழ் விளி பின்னால் வரும். முருகன் முருகா ஆவது, கடவுள் கடவுளே ஆவது, மாதா மாதாவே ஆவது இந்த விளி வேற்றுமையில். தமிழ் முஸ்லிம் வீடுகளில் கேட்கும் ‘யா ரப்பே’யைக் கவனியுங்கள். ரப் என்றால் இறைவன். முன்னால் அரபி விளி, பின்னால் தமிழ் விளி. நெஞ்சு பதறும்போது ஒரு விளி போதவில்லை.

தும்மினால் ஏன் ‘நூறு’ என்கிறோம்?
– வாசகர், சேலம்

நூறு வயசு வாழ வேண்டும் என்பதன் சுருக்கம். குழந்தை தும்மினால் உச்சந்தலையைத் தட்டி ‘நூறு’ என்பார்கள், மறுபடி தும்மினால் சில வீடுகளில் ‘இருநூறு’. இந்த வழக்கத்தின் வயசைத் திருக்குறளே காட்டிவிடுகிறது. ‘ஊடி இருந்தேமாத் தும்மினார் யாம்தம்மை நீடுவாழ் கென்பாக் கறிந்து’ (1312). மனைவி கோபத்தில் பேசாமல் இருக்கிறாள். தும்மினால் ‘நீடு வாழ்க’ என்று சொல்லியே தீருவாள் என்று தெரிந்து கணவன் வேண்டுமென்றே தும்முகிறான். வாழ்த்துவது அவ்வளவு கட்டாயமாக இருந்திருக்கிறது. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலிலும் இந்தச் சிக்கல் வருகிறது. தும்மலுக்கு வாழ்த்துச் சொல்வதால் ஆயுள் கூடாது என்று பிக்குகளுக்கு அதைத் தடுத்த புத்தர், இல்லறத்தார் அதை மங்கலமாக நினைப்பதால், அவர்கள் வாழ்த்தினால் பதிலுக்கு ‘நீடு வாழ்க’ என்று சொல்ல அனுமதித்தார்.

முஸ்லிம்களிடம் இது மூன்று அடி உரையாடல். தும்மியவர் அல்ஹம்துலில்லாஹ் என்பார். கேட்டவர் ‘யர்ஹமுகல்லாஹ்’, அல்லாஹ் உங்களுக்கு அருள் புரியட்டும் என்பார். தும்மியவர் திரும்ப அவருக்கு நேர்வழி வேண்டிப் பதில் சொல்வார். முதல் அடியைத் தும்மியவர் சொல்லாவிட்டால் மற்றவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

‘சனியனே’, ‘மூதேவி’, ‘கருமாந்திரம்’. இவையும் சாமிச் சொற்களா?
– வாசகி, விழுப்புரம்

மூன்றும்தான். சனிக் கிரகம் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 30 ஆண்டு. 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. பிறந்த ராசிக்கு முந்தியது, பிறந்த ராசி, அடுத்தது என்று மூன்றைக் கடக்க ஏழரை. ‘ஏழரையைக் கூட்டாதே’ என்பது இந்தக் கணக்கு.

மூதேவி திட்டுச் சொல்லாவதற்கு முன் கும்பிடப்பட்ட தெய்வம். மூத்த தேவி, திருமகளின் அக்கா. வடமொழியில் ஜேஷ்டா. வள்ளுவர் அவளைத் ‘தவ்வை’ என்கிறார் (167). தவ்வை என்றால் அக்காதான். காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் திருப்பரங்குன்றத்துக் குடைவரையிலும் அவள் சிலை இருக்கிறது. வழிபாடு மறைந்த பிறகு பெயர் மட்டும் வசவாகத் தெருவில் நின்றுவிட்டது.

கருமாந்திரம் என்பது செத்தவருக்குச் செய்யும் காரியம், கருமாதி. பால் பொங்கி வழிந்ததற்கு ‘என்ன கருமாந்திரமோ’ என்பவர்கள் சொல்வது அதைத்தான். பொருள் தெரிந்தவர்கள் நல்ல நாளில் அந்தச் சொல் காதில் விழுந்தால் முகம் சுளிப்பார்கள்.